எலக்ட்ரானைக் கண்டவர் யார்?

பகுத்தறிவு பேசும் இளைஞன் எவனும் இந்தக் கேள்விக்கு ஒரு நாளேனும் ஆளாகாமல் தப்பியிருக்க மாட்டான். தேநீர்க் கடையிலோ, வீட்டுத் திண்ணையிலோ, திருமணப் பந்தலிலோ வாதம் முற்றி நிற்கும் நேரத்தில், எதிரில் இருக்கும் பெரியவர் மெல்லப் புன்னகை செய்துகொண்டே கேட்பார்: "தம்பி, கண்ணால் காணாததை ஏற்கமாட்டேன் என்கிறாயே, எலக்ட்ரானை நீ கண்டாயா? உன் விஞ்ஞானிதான் கண்டாரா? அதை மட்டும் எப்படி ஏற்றாய்?" சுற்றி நிற்பவர்கள் நகைப்பார்கள். இளைஞன் பாடப் புத்தகத்தில் படித்தது ஒன்றிரண்டைச் சொல்லித் தடுமாறுவான். கேட்டவர் வெற்றிவீரராகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்படுவார்.

தடுமாற வேண்டியதில்லை, தோழர்களே! கேள்வி நல்ல கேள்வி. கேட்டவரை நாம் பாராட்டவும் வேண்டும். கேள்வி கேட்பதுதானே நாம் வேண்டுவது. விடை மட்டும் ஒரு சொல்லில் இல்லை. ஒரு நீண்ட வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றைத் தொலைதூரத்தில் தேடத் தொடங்க வேண்டாம். செட்டிநாட்டிலேயே தொடங்கலாம்.

வானம் பார்த்த பூமி அது. மழை பெய்தால் ஊருணி நிறையும். பெய்யாவிட்டால் ஊர் அண்ணாந்து பார்க்கும். பொருள் தேடப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறியவர்கள், தேடிய பொருளைத் தேக்குத் தூண்களாகவும் கோயில் கோபுரங்களாகவும் நட்டுவைத்த நாடு. அந்த நாட்டில் கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்பச் செட்டியார், தேடிய பொருளை வேறு வழியில் செலவிட்டார். 1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், கல்லூரிகள் பெருக வேண்டும் என்று இலட்சுமணசாமி முதலியார் பேசக் கேட்டு, அந்த இடத்திலேயே காரைக்குடிக்குக் கல்லூரி தருவதாக அறிவித்தார். அந்த ஆண்டிலேயே கல்லூரி தொடங்கியது. அடுத்து, மத்திய அரசு ஆய்வுக்கூடங்கள் அமைக்க இடம் தேடிய வேளையில் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 சூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14-ல் இராதாகிருட்டிணன் திறந்துவைத்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்பது அதன் பெயர்.

பெருநகரங்களுக்கு வாய்க்காத ஒன்று ஊருணிக்கரை ஊருக்கு வாய்த்தது. அங்கே ஆராயப்படுவது என்ன? இரும்பு துருப்பிடிப்பது ஏன், உலோகத்தின் மேல் உலோகம் பூசுவது எப்படி, மின்கலம் எப்படி மின்சாரம் தருகிறது, இவை போன்றவை. கடற்காற்று இரும்பைத் தின்னும் கதையைக் கண்காணிக்க மண்டபத்தில் அந்த ஆய்வகத்துக்குக் கிளை நிலையமே உண்டு. பார்த்தால் வெவ்வேறு தொழில்கள். அடியில் ஒரே செய்திதான். எலக்ட்ரான் ஓரிடத்தை விட்டு மற்றோரிடம் போகிறது. இரும்பு எலக்ட்ரானை இழந்தால் துரு. வெள்ளி அயனி எலக்ட்ரானைப் பெற்றால் பளபளக்கும் பூச்சு.

போகும் எலக்ட்ரானை எண்ணியும் விடலாம். எண்ணுகிற கருவி, பள்ளிக்கூட ஆய்வறையில் கிடக்கும் அம்மீட்டர்தான். முள் ஒரு ஆம்பியர் என்று காட்டினால், ஒரு நொடியில் ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலக்ட்ரான்கள் அந்தக் கம்பியைக் கடந்தன என்று பொருள். கோடி என்ற சொல்லை இரு முறை எழுதியது அச்சுப் பிழையன்று. இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள், இறுதியில் தேவைப்படும்.

எண்ணிக்கை தெரிந்தது. ஆனால் ஒரு மூலக்கூறுக்குள், ஒளி வந்து தாக்கிய அந்தக் கணத்தில், எலக்ட்ரான் எந்தப் பக்கம் நகர்ந்தது, எப்போது நகர்ந்தது? அம்மீட்டர் வாய் திறக்காது. கூட்டத்தின் தலையை எண்ணும் காவலரிடம், ஒருவர் எந்தத் தெருவழியே வந்தார் என்று கேட்டால் என்ன சொல்வார்?

இனி, பெரியவரின் கேள்வியில் மறைந்திருக்கும் ஒரு நினைப்பைச் சற்று உரசிப் பார்ப்போம். கண்ணால் கண்டது உறுதி, காணாதது ஐயம் என்கிறாரே, கண் அவ்வளவு நம்பத்தக்க சாட்சிதானா?

செட்டிநாட்டு ஊரெல்லைகளில் ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட மண்குதிரைகள் வரிசை வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். குயவர் கைத்திறன் அங்கே கொஞ்சும். ஆனால் அவை நிற்கும் குதிரைகள். ஓடும் குதிரையின் கால்கள் எப்படி இருக்கும்? மனிதன் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் குதிரையோடு வாழ்ந்தான். அதன்மேல் ஏறிப் போரிட்டான். நாள்தோறும் கண்ணாரக் கண்டான். கண்டும் சரியான விடை அவனிடம் இல்லை. ஐரோப்பிய ஓவியர்கள் பாயும் குதிரையை முன்னங்கால்கள் முன்னே நீள, பின்னங்கால்கள் பின்னே நீள, தரையைத் தொடாமல் பறப்பதாக வரைந்தார்கள். 1878-ல் அமெரிக்காவில் லேலண்டு சுடான்போர்டு என்ற இரயில்வே முதலாளியின் குதிரைப் பண்ணையில், மைபிரிட்சு என்ற புகைப்படக்காரர் ஓட்டப் பாதையின் ஓரத்தில் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்தார். குறுக்கே நூல் கட்டினார். குதிரை ஓட ஓட நூல் அறுந்தது, படம் விழுந்தது. நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் உண்டு என்பது உறுதியாயிற்று. ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் நீண்டிருக்கவில்லை. வயிற்றுக்குக் கீழே மடங்கிக் கிடந்தன! ஓவியர்கள் கண்ட காட்சி அவர்கள் மனம் வரைந்த காட்சி.

கண் பொய் சொன்னதா? இல்லை. கண் மெதுவானது, அவ்வளவுதான். தொல்காப்பியர் எழுத்தின் ஒலியளவைச் சொல்ல வந்தபோது, கண் இமைப்பதையும் கைந்நொடிப்பதையும் அளவாக வைத்தார். மனிதன் உடம்பைக்கொண்டு அளக்கத்தக்க மிகச் சிறிய காலம் அது என்று அவர் தேர்ந்தெடுத்தது எவ்வளவு நேர்மையான தேர்வு! அதற்கும் கீழே போகக் கருவி வேண்டும்.

இங்கே ஒரு குறுக்குப் பேச்சு. கருவி என்றதும் நம்மவரில் சிலர் எழுந்து, "நம் முன்னோர் முந்திரி என்றும் கீழ்முந்திரி என்றும் இம்மி என்றும் எத்துணை நுண்ணிய பின்னங்களைக் கண்டார்கள்! மேனாட்டான் இன்றுதானே அங்கு வருகிறான்!" என்று மார்தட்டுவர். முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. அதிலும் முந்நூற்றிருபதில் ஒன்று கீழ்முந்திரி. நல்ல கணக்கு, வணிகருக்கும் நிலம் அளந்தோருக்கும் உதவிய கணக்கு, பெருமைப்படுவோம். ஆனால் ஒரு சிறு பின்னத்துக்குப் பெயர் வைப்பது வேறு, அவ்வளவு சிறிய காலத்தில் நிகழ்வதை அளந்து காட்டுவது வேறு. பெயர் வைப்பதற்கு நாவு போதும்.

காலத்தை வெட்டும் கத்தி, ஒளி. இருட்டறையில் மின்னல் ஒரு கணம் வெட்டினால், அந்தக் கணத்தில் இருந்தது அப்படியே தெரிகிறது அல்லவா? மின்னல் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு கூர்மையான காட்சி. 1949-ல் இங்கிலாந்தில் நாரிசும் போர்ட்டரும் மின்வெட்டு விளக்குகளைக்கொண்டு வேதிவினையை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே நறுக்கிப் பார்த்தார்கள். 1960 மே மாதத்தில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். காரைக்குடி ஆய்வகம் திறந்து அப்போது ஏழாண்டு. லேசர் வந்தபின் ஒளித்துடிப்பின் நீளம் குறைந்துகொண்டே வந்தது. 1980-களில் ஃபெம்டோ நொடி வரை வந்துவிட்டது. ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடி பங்காக்கினால் ஒரு பங்கு, ஃபெம்டோ நொடி.

எகிப்தின் தமன்கூரில் பிறந்து கலிபோர்னியாவில் பணிசெய்த அகமது சவெய்ல், இந்தத் துடிப்புகளைக்கொண்டு மூலக்கூறு உடைவதையே காட்டினார். 1987-ல் அயோடின் சயனைடு மூலக்கூறு இருநூறு ஃபெம்டோ நொடியில் இரண்டாவதைக் கண்டறிந்தார். முறை எளிது. முதல் துடிப்பு வினையைத் தொடங்கிவைக்கும். இரண்டாம் துடிப்பு வந்து நிலைமையைப் பார்க்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை எந்தக் கடிகாரத்தால் அளப்பது? கடிகாரமே வேண்டாம்! ஒளி போகும் பாதையில் கண்ணாடியைச் சற்றே நகர்த்திப் பாதையை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்டினால், துடிப்பு மூன்று ஃபெம்டோ நொடிக்குச் சற்று மேலாகத் தாமதமாக வந்து சேரும். காலத்தை முழக்கோல் வைத்து அளந்தார் அந்த மனிதர். 1999-ல் நோபல் பரிசு அவருக்கு.

ஆனால் அவர் கண்டது அணுக்களின் அசைவு. அணுக்கரு பருமன், மெதுவாக நகரும். எலக்ட்ரான் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு இலேசு. நீரக அணுவில் எலக்ட்ரானின் ஒரு சுற்று என்று பழைய மாதிரிப்படி கணக்கிட்டால் ஏறத்தாழ 150 அட்டோ நொடி. அட்டோ நொடி என்பது ஃபெம்டோ நொடியில் ஆயிரத்தில் ஒன்று. அண்டம் தோன்றி 1380 கோடி ஆண்டுகள் ஆயின என்கிறார்கள். அத்தனை ஆண்டுகளிலும் கழிந்த நொடிகளை எண்ணிக் கூட்டினாலும், ஒரே ஒரு நொடிக்குள் இருக்கும் அட்டோ நொடிகளின் எண்ணிக்கையில் பாதிகூடத் தேறாது.

அந்தக் காலத்துக்குள் நுழைய வாசல் திறந்தவர் ஒரு பெண். ஆன் லூய்லியே 1987-ல் பிரான்சின் சாக்லே ஆய்வுக்கூடத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை ஆர்கான் வாயுவினுள் செலுத்தினார். வாயுவிலிருந்து லேசரின் அலைவெண்ணைப்போல் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று ஒற்றைப்படை மடங்குகளில் புதிய ஒளி வந்தது. வீணையின் ஒரு தந்தியை மீட்டினால் மேற்சுரங்களும் உடன் ஒலிக்குமே, அதுபோல. மேலே போகப் போகச் சுரம் தேய்ந்து மறைய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மறையவில்லை! நெடுந்தூரம் ஒரே வலிமையில் சென்று, ஓர் எல்லையில் சட்டென்று அறுந்தது. ஏன் அங்கே அறுந்தது?

வரலாற்றில் நமக்கு வேண்டிய திருப்பம் இதுதான். அந்த எல்லையின் விதியை முதலில் காட்டியது கணிப்பொறி. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் குலாண்டரும் அவருடன் பணியாற்றியவர்களும், லேசரின் மின்புலத்தில் சிக்கிய ஒற்றை எலக்ட்ரானின் அலையைச் சுரோடிங்கர் 1926-ல் எழுதிய சமன்பாட்டின்படி, கணம் கணமாகக் கணிப்பொறிக்குள் நடத்திப் பார்த்தார்கள். இதையே பாவனைக் கணிப்பு என்கிறோம். 1992-ல் கிராசு, சேஃபர், குலாண்டர் மூவரும் தங்கள் கணக்குகளிலிருந்து ஒரு விதியைப் படித்தெடுத்தனர்: அறுபடும் இடத்தின் ஆற்றல், எலக்ட்ரானை அணுவோடு கட்டிவைத்த ஆற்றலும், புலத்தில் எலக்ட்ரான் ஆடும் ஆற்றலைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கும் சேர்ந்தது. எண் கிடைத்தது; காரணம் அடுத்த ஆண்டு கிடைத்தது. கனடாவின் பால் கார்க்கம் 1993-ல் விளக்கினார். லேசரின் புலம் எலக்ட்ரானை அணுவிலிருந்து பிய்க்கிறது, வெளியே தள்ளுகிறது, ஒளியலை திசைமாறியதும் அதே புலம் எலக்ட்ரானைத் திருப்பி அணுவின்மேல் மோதவிடுகிறது. மோதலில் பிறப்பதே அந்த மேற்சுர ஒளி. இந்தப் போக்குவரத்துக்கு ஒளியலையின் ஒரு சுற்றுக்கூட ஆவதில்லை. கார்க்கம் கணக்கிட்ட பெருக்குத்தொகை 3.17. லிவர்மோர் கணிப்பொறியின் மூன்றும் அவருடைய 3.17-ம் ஒன்றையொன்று அறியாத இரு சாட்சிகள் ஒரே செய்தியைச் சொன்னதுபோல் பொருந்தின.

2001-ல் பாரிசில் அகோத்தினி 250 அட்டோ நொடித் துடிப்புகளின் தொடரையும், வியன்னாவில் கிராவுசு 650 அட்டோ நொடி நீளமுள்ள தனித் துடிப்பையும் அளந்து காட்டினர். 2023-ல் மூவருக்கும் பரிசு. செய்தி சொல்லும் தொலைபேசி வந்தபோது லூய்லியே அம்மையார் சுவீடனில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, பாடத்தை முடிக்க வகுப்புக்கே திரும்பினார். இயற்பியலில் நோபல் பெற்ற பெண்கள் அவரோடு சேர்த்து ஐவரே. பரிசு தொடங்கியதோ 1901-ல். அறிவுக்கு ஆண் பெண் வேறுபாடு உண்டா என்ற கேள்வியை இந்தக் கணக்கின் முன் வைத்துப் பாருங்கள். வேறுபாடு அறிவில் இருந்ததா, கதவில் இருந்ததா என்பது தெரியும்.

ஒளியும் மூலக்கூறும் சந்திக்கும் இந்தத் துறையில் தமிழகத்துக்குப் பங்கில்லையா? உண்டு, அடித்தளத்திலேயே உண்டு. திருச்சிக்கு அருகில் பிறந்த சி. வி. இராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருட்டிணனும் 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் கண்டறிந்தது என்ன? மூலக்கூறின்மேல் விழும் ஒளி அதன் எலக்ட்ரான் முகிலை ஆட்டுகிறது. அணுக்கள் அதிர்வதால் முகிலின் நெகிழ்வும் மாறுகிறது. ஆகவே சிதறி வரும் ஒளியின் நிறம் சற்றே மாறிவருகிறது. நிறத்தின் அந்தச் சிறு மாற்றத்திலிருந்து காணாத மூலக்கூறின் அதிர்வைப் படித்தார்கள். 1930-ல் பரிசு இராமனுக்கு மட்டும் சென்றது. இராமன் பெயரைக் குழந்தைகளும் சொல்லும்; கிருட்டிணன் பெயரை அவர் பிறந்த ஊரில் எத்தனை பேர் சொல்வர்?

இனி, பாவனைக் கணிப்பு எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். ஒற்றை எலக்ட்ரான் என்றால் கணிப்பொறி சளைக்காது. பென்சீன் மூலக்கூறில் 42 எலக்ட்ரான்கள். ஒவ்வொன்றின் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள், மொத்தம் 126. ஒவ்வோர் எண்ணுக்கும் பத்தே பத்து மதிப்புகளை வைத்துக்கொண்டாலும், குறித்துவைக்க வேண்டிய தொகைகள் ஒன்றுக்குப் பின்னே 126 சுழி போட்ட அளவு. காணக்கூடிய அண்டத்தில் உள்ள அணுக்கள் ஒன்றுக்குப் பின்னே ஏறத்தாழ 80 சுழி! எழுதத் தாள் போதாது. தாள் செய்ய அண்டமே போதாது. விதிகள் தெரியும், ஆனால் அவற்றைக்கொண்டு கணக்கை முடிக்க முடியாது என்ற இந்த இடரை டிராக் 1929-லேயே உணர்ந்து எழுதிவிட்டார்.

இடரைக் கடக்க வழி காட்டியவர் வால்டர் கோன். வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1939-ல் சிறுவர்களை ஏற்றிவந்த இரயிலில் இங்கிலாந்துக்குத் தப்பியவர். பெற்றோரை ஆசுவிட்சு கொலைக்களம் விழுங்கிற்று. இனவெறி விட்டுவைத்த அந்த மூளை 1964-ல் ஓகன்பர்க்கோடும் 1965-ல் சாமோடும் சேர்ந்து காட்டியது இது: ஒவ்வோர் எலக்ட்ரானின் கதையையும் தனித்தனியே எழுத வேண்டியதில்லை, எந்த இடத்தில் எலக்ட்ரான் முகில் எவ்வளவு அடர்த்தி என்ற ஒரே செய்தி போதும். 126 எண்கள் மூன்றாயின. ஆனால் அது அசையாத முகிலுக்கு. காலத்தோடு ஆடும் முகிலுக்கும் அது செல்லுமா? 1982-ல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் பி. எம். தேபும் சுவபன் கோசும், திரும்பத் திரும்ப ஒரே சீராக வரும் விசைக்கு அது செல்லும் என்ற திசையில் அடியெடுத்து வைத்தனர். 1984-ல் செர்மனியில் ருங்கேயும் குரோசும் பொதுவாக நிறுவினர். உலகப் பாடநூல்கள் பின்னவரைத் தலைப்பில் வைக்கின்றன. நம் நாட்டு மாணவனாவது முன்னவரையும் அறிந்திருக்க வேண்டாமா?

கணக்கு நடக்கும் முறையைச் செட்டிநாட்டாருக்குச் சொல்வது எளிது. பர்மாவில் கடை வைத்தவர் வீட்டில் நாள்வழிக் கணக்கு எழுதுவார்கள்: முன்னாள் இருப்பு, இன்றைய வரவு, இன்றைய பற்று, இன்றைய இருப்பு. இன்றைய இருப்பே நாளைக்கு முன்னாள் இருப்பு. கணிப்பொறியும் அதையே செய்கிறது. மூலக்கூறு இருக்கும் வெளியை நுண்ணிய கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் முகிலின் அடர்த்தியைக் குறிக்கிறது, அதுவே இருப்பு. அந்த அடர்த்தியால் எழும் விசையையும், அந்தக் கணத்து லேசர் புலத்தையும் கூட்டி, அவற்றின்படி முகிலை நகர்த்துகிறது. புதிய அடர்த்தி வருகிறது. அதிலிருந்து புதிய விசை, மறுபடி நகர்த்தல். அங்கே ஒரு "நாள்" என்பது ஏறத்தாழ ஓர் அட்டோ நொடி. முப்பது ஃபெம்டோ நொடி நடக்கும் நிகழ்ச்சிக்கு முப்பதாயிரம் நாள் கணக்கு. ஒரு மனிதன் எண்பது ஆண்டு நாள்தோறும் எழுதுவதற்குச் சமம்.

ஐந்தொகை போட்டுப் பார்க்கும் வழக்கமும் உண்டு. லேசர் இலேசாக ஆட்டியது மட்டுமே என்றால், தொடக்கத்தில் 42 எலக்ட்ரான் இருந்த மூலக்கூறில் முடிவிலும் 42 இருக்க வேண்டும். 41.7 என்று வந்தால்? எங்கோ தவறு, ஏட்டை முதலிலிருந்து புரட்ட வேண்டியதுதான். வலிமையான துடிப்பு எலக்ட்ரானை வெளியே வீசும்போது இன்னொரு சங்கடம். ஊருணியில் கல்லெறிந்தால் அலை படித்துறையில் மோதித் திரும்பும் அல்லவா? கணக்கின் வெளிக்கும் ஓர் எல்லை உண்டு. வெளியேறிய எலக்ட்ரான் அலை அந்தப் பொய்ச் சுவரில் மோதித் திரும்பிவந்து உண்மையைக் குழப்பும். ஆகவே எல்லையோரத்தில், வரும் அலையை உறிஞ்சிக்கொள்ளும் சேற்றுக் கரைபோல் ஒன்றைக் கணக்கிலேயே அமைக்கிறார்கள்.

குறையும் உண்டு, மறைக்கக்கூடாது. கோன் காட்டிய வழியில், எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று ஒதுக்கி நடக்கும் நுட்பத்தைச் சுமக்கும் ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் மெய்யான வடிவம் எவருக்கும் தெரியாது, தோராயமாகவே எழுதுகிறார்கள். கொள்கைப்படி அந்த உறுப்பு முகிலின் முழுக் கடந்தகாலத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலோர் கையாளும் வடிவமோ இந்தக் கணத்தை மட்டும் பார்க்கிறது, நேற்றை மறந்துவிடுகிறது. தன் வரலாற்றை மறந்தவனைப்போல் அந்தக் கணக்கும் சில இடங்களில் வழிதவறுகிறது. குறிப்பாக, மின்சுமை மூலக்கூறின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நெடுந்தூரம் தாவும் இடங்களில்.

இப்படித் தவறக்கூடிய கணக்கை எதற்காக நம்புவது? பெரியவர் மறுபடி புன்னகை செய்வது தெரிகிறது. அவருக்கு 2014-ல் நடந்த ஒரு வழக்கைச் சொல்வோம்.

பினைல் அலனின் என்பது பருப்பிலும் முட்டையிலும் பாலிலும் இருக்கும் அமினோ அமிலம். நம் உடம்பைக் கட்டும் செங்கற்களில் ஒன்று. இத்தாலியில் கலேகாரி அம்மையாரும் நிசோலியும் அவர்கள் குழுவினரும் அதன்மேல் அட்டோ நொடித் துடிப்பைச் செலுத்தி, சற்றுக் கழித்து இரண்டாம் துடிப்பால் சோதித்தனர். உடைந்துவந்த ஒரு துண்டின் அளவு, இரு துடிப்புகளின் இடைவெளியைப் பொறுத்து 4.3 ஃபெம்டோ நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கியது. பருத்த அணுக்கள் அவ்வளவு விரைந்து ஆடமாட்டா. ஆடியது எலக்ட்ரான் என்றனர். மத்ரீதில் மார்த்தின் குழுவினர் கணிப்பொறியில் நடத்திப் பார்த்தபோது, எலக்ட்ரான் போன வெற்றிடம் மூலக்கூறின் அமீன் முனைக்கும் மற்றப் பகுதிக்கும் இடையே ஏறத்தாழ அதே வேகத்தில் ஊசலாடியது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1999-ல், கைடல்பர்க் நகரத்து செடர்பாமும் சோபெலியும் இத்தகைய ஊசலாட்டம் இருக்க வேண்டும் என்று கணக்கால் முன்னறிவித்திருந்தனர். வெற்றி என்று உலகம் எழுதியது.

முடிந்ததா? முடியவில்லை. மத்ரீத் கணக்கில் அணுக்கருக்களை அசையாமல் நிறுத்திவைத்திருந்தார்கள். அணுக்கருவும் சற்றே நடுங்கிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்து எழுதினால் எலக்ட்ரானின் ஊசலாட்டம் சில ஃபெம்டோ நொடிகளிலேயே கலைந்துபோகும் என்று வேறு சில மூலக்கூறுகளுக்குப் பின்னால் வந்த கணக்குகள் காட்டின. அப்படியானால் இத்தாலியில் கண்ட துடிப்பு எதன் துடிப்பு? வாதம் எழுந்தது, புதிய சோதனைகள் வந்தன, வந்துகொண்டும் இருக்கின்றன. பரிசு பெற்றவர் சொல்லிவிட்டார் என்று எவரும் வாய் பொத்தவில்லை. பெரியவரே, நீங்கள் கேட்ட வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. காணாத ஒன்றைப்பற்றி இவர்கள் 4.3 என்று ஓர் எண்ணைச் சொன்னார்கள், சொன்னதால் மாட்டிக்கொண்டார்கள். எண் தவறானால் எவனும் எழுந்து தவறென்று காட்டலாம். கணக்கில் விட்டுப்போனது இது என்று விரல்நீட்டலாம். நீங்கள் சொல்லும் காணாத பொருளைப்பற்றி அப்படி ஓர் எண் சொல்லுங்கள். நாங்கள் அதையும் சோதிக்க வருகிறோம்.

விரல்நீட்டும் உரிமை சிலருக்கே உரியதா? முன்பு அப்படித்தான் இருந்தது. பெரிய கணிப்பொறி வாங்க முயன்ற இந்தியாவுக்கு அமெரிக்கா 1980-களில் தடை போட்டது. புனேயில் சி-டாக் நிறுவனம் எழுந்து 1991-ல் பரம் 8000 என்ற கணிப்பொறியைக் கட்டிக் காட்டியது. அந்தக் குடும்பத்தில் வந்த பரம் பொருள் என்ற கணிப்பொறி 2022 மே மாதத்தில் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்கத் தொடங்கியது. காரைக்குடியிலிருந்து வடக்கே பேருந்தில் போய்வரும் தொலைவு. நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள் அதன் திறன். எலக்ட்ரான் முகிலை லேசரில் ஆட்டிப்பார்க்கும் ஆக்டோபசு என்ற நிரலும் 2003 முதற்கொண்டே அறியப்பட்டது. அதற்கு விலை இல்லை. உள்ளே எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியையும் எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். இன்னாருக்கு மட்டும் ஓதுவிப்போம் என்ற பூட்டு அதற்கு இல்லை. பென்சீன் அளவான சிறு மூலக்கூறுக்குப் பரம் பொருளும் வேண்டாம். கல்லூரியில் கிடக்கும் கணினியே இரவெல்லாம் ஓடிக் காலையில் விடை தரும்.

தொடக்கத்தில் நினைவில் வைக்கச் சொன்ன கணக்குக்கு வருவோம். ஒரு ஆம்பியர் என்றால் ஒரு நொடியில் 62,400 கோடி கோடி எலக்ட்ரான். ஒரு நொடியில் அட்டோ நொடிகள் 10,000 கோடி கோடி. வகுத்துப் பாருங்கள். காரைக்குடி ஆய்வறையில் ஒரு மாணவி இரும்புத் தகட்டைக் கரைசலில் நிறுத்தி, முள்ளை ஒரு ஆம்பியரில் வைக்கும்போது, ஒவ்வோர் அட்டோ நொடியிலும் சராசரியாக ஆறு எலக்ட்ரான்கள் அந்தக் கம்பியைக் கடக்கின்றன. கோடி கோடி என்று மலைத்த கூட்டம், விரல்விட்டு எண்ணும் ஆறாகிவிட்டது. அந்த ஆறில் ஒன்று, தகட்டிலிருந்து கரைசலில் உள்ள மூலக்கூறுக்கு எந்த வழியாகத் தாவிற்று என்பது அவள் முன்னிருக்கும் அம்மீட்டரில் தெரியாது. அதற்கு நாள்வழிக் கணக்கு எழுத வேண்டும். முன்னாள் இருப்பிலிருந்து தொடங்கி.